நரகத்துக்குத் திறப்பு வைத்திருந்தவர்

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதிலும் நரகத்துக்குத் திறப்பு வைத்திருந்த மனிதர் ஒரேயொருவர்தான். அவரை எனக்குத் தெரியும். அவர் வீட்டு நண்டுக்கறியைச் சாப்பிட்டிருக்கிறேன். நரகத்துக்கு ஏணி வைத்து, என்னை ஏற்றிவிட்டு, ‘கிட்டப் போய்ப் பாருங்கோ, பயப்பிடாதேங்கோ’ என்று கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான். ஒரு சைவப் பிள்ளைக்கு இதைவிட வேறென்ன மரியாதை வேண்டும்?

ஊரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால், அந்த நரகத்தில் இன்னும் நின்று வேகிற மற்றவர்களின் பேரப்பிள்ளைகள் என்மேல் வழக்குப் போடுவார்கள். கொடிகாமச் சந்தியில் பஸ்ஸால் இறங்கி, பனங்கூடலுக்குள்ளால் கடலேரியைப் பார்த்து நடந்தால் வருகிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறுபதுகளின் கடைசியில் அந்த ஊர்ப் பாடசாலைக்கு விஞ்ஞான வாத்தியாராக எனக்கு மாற்றம் வந்தது. நானோ கரவெட்டித் தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை. வெள்ளிக்கிழமையில் எங்கள் குசினிப் பக்கம் மீன் தலைகாட்டாது. அந்த ஊரோ விடியற்காலையில் வலை இழுத்து, பின்னேரத்தில் செபமாலை சொல்கிற வேதக்கார ஊர்.

அங்கே ஒரு பழைய கோயில் இருந்தது. நம்மவர்கள் தேவாலயம் என்று எழுதுவார்கள், அந்த ஊரவர்களுக்கு அது கோயில்தான். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்கள். வெளியே நின்று பார்த்தால் நெல்லுக் களஞ்சியம் என்று நினைத்துத் திரும்பிப் போய்விடுவீர்கள். உள்ளேதான் விஷயம். மேல்பலகை முழுவதும் நீலம் பூசி நட்சத்திரம், நான்கு சுவரிலும் கூரை முட்டச் சித்திரம். ஆதாமிலிருந்து உலக முடிவு வரை ஒரு சாண் இடம் மிச்சமில்லை.

“கோயிலைப் பாக்கப் போறீரோ?” என்று தலைமை ஆசிரியர் கேட்டார். “போம். ஆனால் வயிறாரச் சாப்பிட்டிட்டுப் போம். மூப்பர் கதவைப் பூட்டிப்போட்டுத்தான் காட்டுவார்.”

மூப்பர் என்றால் கோயிலைப் பார்த்துக்கொள்பவர். மணி அடிப்பது, மெழுகுதிரி கொளுத்துவது, சுரூபங்களுக்குத் தூசி தட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. இந்த மூப்பருக்கு ஊர் வைத்த முழுப் பெயர் ‘உத்தரிப்பு மூப்பர்’. ஏன் என்று பிறகு சொல்கிறேன். சித்திரம் பார்க்க வருகிற எவரையும் அவர் உள்ளே விட்டதும், முழங்கை நீளத் திறப்பால் கதவை உட்புறமாகப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வார். ஆதாமில் தொடங்கினால் உலகம் முடியும்வரை வெளியே போக ஏலாது. நான் வருவதற்கு முந்தின வருடம் பாடசாலை பார்க்க வந்த வித்தியாதிகாரி ஒருவர், ‘சும்மா எட்டிப் பாத்திட்டு வாறன்’ என்று உள்ளே போனவர், மத்தியானம் கழிந்தும் வெளியே வரவில்லை. யன்னலால் பார்த்தபோது மனிதர் இன்னும் நோவாவின் பெட்டகத்தடியில்தான் நின்றாராம். அந்த வருடம் பாடசாலையில் பரிசோதனையே நடக்கவில்லை. தலைமை ஆசிரியர் மூப்பருக்கு ஒரு வேட்டி வாங்கிக் கொடுத்ததாகக் கேள்வி.

நான் போன அன்று மூப்பர் கோயில் வாசலில் நின்றார். கட்டையான மனிதர், தோளில் சால்வை, கையில் ஒரு தூண்டில் தடி. முகத்தில் முதலில் வருவது மூக்கு. நடுவில் ஒரு முண்டு முண்டி, பிறகு கீழே வளைகிற மூக்கு. அதற்கு இரண்டு பக்கமும் காவல் நிற்பதுபோல் விரிந்த காதுகள். என் நெற்றித் திருநீற்றை ஒரு பார்வை பார்த்தார்.

“மாஸ்ரர் மச்சம் சாப்பிடுவியளோ, சைவமோ?”

கோயில் வாசலில் நின்று இதென்ன கேள்வி! “வெள்ளிக்கிழமையிலை மட்டும் சைவம். மற்ற நாளிலை மீன், நண்டு எல்லாம் சாப்பிடுவன்” என்றேன்.

“அப்ப வெக்கப்படாமல் வாய் திறந்து கேக்க வேணும். விளங்குதோ? கேளாமல் இருந்துபோட்டுப் பேந்து ஆரிலையும் குற்றம் பிடிக்கக் கூடாது. வாருங்கோ உள்ளை.”

கதவு பூட்டுப்பட்டது. தூண்டில் தடி மேலே உயர்ந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நான் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றேன். ஏவாள் பிடுங்குகிற பழம் கறுத்தக்கொழும்பான் மாம்பழம். மாதாவுக்கு மூக்குத்தி, அட்டியல், கூறைச்சேலை. வெள்ளப் பெருக்கில் நோவாவின் பெட்டகத்தைச் சுற்றி நீந்துகிற மீன்களை மூப்பர் பெயர் சொல்லிக் காட்டினார்: ஒட்டி, ஓரா, திரளி, மணலை. மூன்று இராசாக்கள் ஏறி வருகிற ஒட்டகங்கள் மட்டும் எனக்குக் கொஞ்சம் இடித்தன. வண்டில்மாட்டின் கழுத்தைப் பிடித்து இழுத்து நீட்டினதுபோல் இருந்தன.

“மூப்பர், ஒட்டகம் உப்பிடி இருக்காதே?”

“இப்பத்தை ஒட்டகத்தைச் சொல்லுறியள். அந்த நாளையிலை உப்பிடித்தான்.”

பீடத்துக்கு மேலே மோட்சம். மோட்ச வாசலில் ஒரு கோபுரம். உள்ளே அர்ச்சிஷ்டவர்கள் என்கிற புனிதர்கள் எல்லாரும் வரிசையாகப் பந்தியில் இருக்கிறார்கள். தலைவாழை இலை, மலைபோலச் சோறு, பக்கத்தில் சிவக்கச் சிவக்க நண்டு, பொரித்த மீன், இறால். உலகத்தில் எந்த மதத்தின் மோட்சத்திலும் நான் நண்டைக் கண்டதில்லை. அதைப் பார்த்தபோது எனக்கே வாய் ஊறியது.

நரகம் மேற்குச் சுவரில், வாசற்கதவுக்கு மேலே இருந்தது. வெளியே போகத் திரும்பும்போதுதான் கண்ணில் படும். அவ்வளவு நேரமும் ஆற அமர வந்த மூப்பர், அந்த இடத்தில் மட்டும் அவசரப்பட்டார். “உது கடைசி நாள். வேறை ஒண்டுமில்லை. காணும், வாருங்கோ” என்று கதவைத் திறக்கப் போனார். நான் நின்றுவிட்டேன். நெருப்புக்குள் முன்வரிசையில், இடுப்பளவு வெந்துகொண்டு, குடுமியும் காதில் கடுக்கனுமாக ஒருவர் நின்றார். இரண்டு பக்கமும் கொம்பு வைத்த கறுப்பர்கள், கையில் சூலம். நடுவில் முண்டி வளைந்த மூக்கு, விரிந்த காது. சித்திரத்தைப் பார்த்தேன். மூப்பரைப் பார்த்தேன். மறுபடியும் சித்திரத்தைப் பார்த்தேன். எவ்வளவு அடக்கியும் சிரிப்பு வந்துவிட்டது.

“சிரியுங்கோ, சிரியுங்கோ” என்றார் மூப்பர். “சுவாமிமாருக்கெல்லாம் மேலான மேற்றிராணியாரே சிரிச்சவர். நீங்கள் என்ன!”

பிறகு வாங்கில் உட்கார்ந்து கதையைச் சொன்னார். அந்தக் காலத்தில் கோயிலுக்கு மூப்பராக இருந்தவர் இவருடைய அப்பப்பா. சித்திரம் எழுத வந்தவர் வடமராட்சிப் பக்கத்துச் சைவர், தேர்ச்சீலை எழுதுகிறவர். அவருக்குச் சாப்பாடு போடுவது அப்பப்பாவின் பொறுப்பு. சைவ மனிசன், நெற்றி நிறையத் திருநீறு, அவரை நாங்கள் மச்சம் காட்டித் தீட்டுப் படுத்தக்கூடாது என்று அப்பப்பா கண்டிப்பாய் நின்றுவிட்டார். ஊர் முழுக்க நண்டு கொதிக்கிறது, இறால் பொரிகிறது. சித்திரகாரருக்கு மட்டும் முருங்கையிலைக் கஞ்சி. அடுத்த நாளும் முருங்கையிலைக் கஞ்சி. சோறு போட்ட நாளில் முருங்கையிலை வறை. பாவம், அந்த மனிதர் ஊரில் மூன்று நேரமும் மீன் சாப்பிடுகிறவராம். கேட்க வெட்கம். மாதக்கணக்காக அந்த மணத்துக்குள் சாரத்தில் நின்று கஞ்சி குடித்துக் கொதித்த மனிதர், மோட்சத்தில் தன் ஆசையை எழுதினார், நரகத்தில் தன் கோபத்தை எழுதினார். எழுதி முடிந்த அன்றே கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

“மரியாதை செய்யப் போய் நரகத்துக்குப் போன ஒரே மனுசன் என்ரை அப்பப்பாதான், மாஸ்ரர்” என்றார் மூப்பர். அப்போதுதான் வாசற் கேள்வியின் அர்த்தம் எனக்கு விளங்கியது. அந்தக் குடும்பம் அதற்குப் பிறகு ஒரு சைவரையும் கேளாமல் விட்டதில்லை.

இனி அந்தப் பட்டப் பெயருக்கு வருகிறேன். வேதக்காரருக்கு மோட்சத்துக்கும் நரகத்துக்கும் நடுவில் இன்னோர் இடம் உண்டு. உத்தரிக்கிற ஸ்தலம் என்பார்கள். சின்னப் பாவம் செய்த ஆத்துமாக்கள் கொஞ்சக் காலம் நெருப்பில் கிடந்து, சுத்தமாகி, மோட்சத்துக்குப் போய்விடும். நரகத்தில் விழுந்தவனுக்கு மன்றாடிப் பயனில்லை. உத்தரிக்கிறவனுக்கு மன்றாடினால் கெதியாக வெளிக்கிடுவான். மூப்பரின் வாழ்நாள் வழக்கு இதுதான்: சுவரில் இருப்பது நரகமில்லை, உத்தரிக்கிற ஸ்தலம்.

இந்த வழக்கை அவர் கோயிலில் பூசை வைக்க வருகிற ஒவ்வொரு சுவாமியாரிடமும் கொண்டுபோனார். ஒரு கிழட்டுச் சுவாமியாருடன் நடந்த விசாரணையை நானே பக்கத்தில் நின்று கேட்டேன்.

“உத்தரிப்பெண்டால் கொம்பு வைச்சவன்கள் என்னத்துக்கு, மூப்பர்? அங்கை பசாசுக்கு வேலையில்லையே.”

“அவன்கள் பசாசில்லைச் சுவாமி. கங்காணிமார்.”

“கையிலை சூலம்?”

“நெருப்பைக் கிளறிவிட ஒரு தடி வேணுமெல்லோ?”

சுவாமியார் சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கார்த்திகையில் ஆத்துமாக்கள் திருநாள் வரும். அன்று ஊரெல்லாம் சேமக்காலையில் கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொளுத்தும். மூப்பர் மட்டும் கோயிலுக்குள் மேற்குச் சுவரின் கீழே கொளுத்துவார். பிறகு ஏணி வைத்து ஏறி, அப்பப்பா கொஞ்சமாவது மேலே வந்திருக்கிறாரா என்று பார்ப்பார். நான் அந்த ஊருக்கு வந்த வருடம் என்னையும் ஏற்றினார்.

“விஞ்ஞானம் படிச்ச மனுசன், சரியாய்ப் பாத்துச் சொல்லுங்கோ. நெருப்பு எப்பிடி?”

பக்கத்து யன்னலால் காலை வெயில் அந்தச் சுவரில் நேராக விழும். சிவப்பு வர்ணம் வெயிலுக்கு நிற்காது. “உண்மையாய்ச் சொன்னால், மங்கித்தான் வருது மூப்பர். இன்னும் கொஞ்சக் காலம் போனால் நெருப்பே தெரியாது” என்று என் விஞ்ஞானத்தைச் சொன்னேன். அவ்வளவுதான். மனிதர் அடுத்த நாள் மீன்வாடி முழுக்கச் சொல்லித் திரிந்தார்: “நெருப்பு அவியுதாம்! நான் சொல்லேல்லை, விஞ்ஞான மாஸ்ரர் ஏறிப் பாத்துச் சொன்னவர்!” பிறகு நான் தெருவில் போனால் வேதக்காரக் கிழவிகள் எழும்பி நின்று மரியாதை செய்தார்கள்.

இந்தப் பகிடியெல்லாம் பிலோமினாவின் கலியாணப் பேச்சு வரும்வரைதான். பிலோமினா மூப்பரின் ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. கெட்டிக்காரி, வாய்த்துடுக்கும் உண்டு. குடும்ப மூக்கு அவளுக்கும் வந்திருந்தது. நல்லவேளை, அளவு கொஞ்சம் குறைவு. அரியாலையிலிருந்து ஒரு நல்ல சம்பந்தம் வந்தது. பையனுக்குச் சம்மதம். பையனின் தாய் பெண்ணைப் பார்த்துவிட்டு, “வந்தனாங்கள் கோயிலையும் ஒருக்கால் கும்பிட்டிட்டுப் போவம்” என்றார்.

மூப்பர் முன்னேற்பாடாகத்தான் இருந்தார். நல்லது கெட்டதுக்கு வீட்டுக் கூரையின் கீழே வெள்ளைத் துணி கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். மூப்பர் அந்தத் துணிகளை வாங்கி மேற்குச் சுவரில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் கட்டியிருந்தார். அந்த அம்மாள் மாதாவைக் கும்பிட்டு, நண்டுகளைப் பார்த்துச் சிரித்து, வெளியே போகத் திரும்பினார்.

“கூரைக்கு வெள்ளை கட்டுவினம், கண்டிருக்கிறன். உதென்ன, சுவருக்குக் கட்டிக் கிடக்கு?”

“அது சம்மந்தி, மழைக்குச் சுவர் நனைஞ்சு போச்சு. குளிரும்.”

சுவருக்குக் குளிரும் என்று சொன்ன மனிதரை அவர் ஏற இறங்கப் பார்த்தார். குடை நுனியால் துணியின் ஒரு கரையைத் தூக்கினார். முழுத் துணியும் தொப்பென்று அவர் தலையில் விழுந்தது. துணியை விலக்கிக்கொண்டு நிமிர்ந்தவர், சுவரைப் பார்த்தார், மூப்பரைப் பார்த்தார், பிலோமினாவைப் பார்த்தார்.

“ஐயோ மாதாவே! குடும்பமாய் எல்லே நிக்கிறியள்!”

அடுத்த கிழமை தரகர் வந்து சொன்னார்: பொம்பிளை நல்ல பிள்ளையாம், குறை ஒன்றும் இல்லையாம், ஆனால் நாளைக்குப் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கோயிலுக்கு வந்தால் எதைக் காட்டுவதாம்?

அந்த மாதம் சித்திரம் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் கதவு திறந்தபடி கிடக்க, தாங்களாகப் பார்த்து, தங்கள் பாட்டில் வெளியே போனார்கள். தூண்டில் தடி மூலையில் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் புதுச் சுவாமியார் வந்து சேர்ந்தார். இளம் ஆள், நல்ல ஆள், சைக்கிளில் வீடுவீடாகத் திரிவார். உலகமெங்கும் கோயில்களில் பூசை முறை மாறிக்கொண்டிருந்த காலம் அது. லத்தீன் போய்த் தமிழ் வந்தது. சுவரைப் பார்த்துப் பூசை செய்த சுவாமியார் சனத்தைப் பார்த்துத் திரும்பினார். திரும்பிய இளஞ்சுவாமியார் என்ன கண்டார்? அவர் பிரசங்கம் செய்கிறார், சனத்தின் கண்ணெல்லாம் அவர் தலைக்கு மேலே நண்டில் இருக்கிறது. முன்வாங்குக்காரர்கள் எச்சில் விழுங்குகிறார்கள்.

கூட்டம் கூட்டினார். “ஆண்டவருக்கு அலங்காரம் தேவையில்லை. பெருநாளுக்கு முன்னம் உள்ளுக்கு முழுக்க வெள்ளை அடிப்பம்” என்றார். சனத்துக்கு மனமில்லை, ஆனால் சுவாமியார் சொன்னதற்கு மேலே யார் கதைப்பது? எல்லாரும் மூப்பரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“மூப்பர், பிறகென்ன! அப்பப்பாவுக்கு விடுதலை!” என்று ஒருவர் பின்னாலிருந்து சொல்ல, கூட்டம் சிரித்தது. உண்மையும் அதுதான். சுவர் வெள்ளையானால் நரகமும் இல்லை, நரகத்தில் நிற்கிற அப்பப்பாவும் இல்லை. தரகர் காற்றுப்போல அரியாலைக்கு ஓடிப் போய், அப்படியென்றால் சம்மதம் என்ற பதிலோடு வந்தார். ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்க மன்றாடியது ஒரு பானைச் சுண்ணாம்பில் கைகூடப் போகிறது.

“நல்லதுதான் சுவாமி” என்றார் மூப்பர். சுண்ணாம்பையும் அவரே கரைத்து வைத்தார்.

சனிக்கிழமை காலை வேலையாட்கள் வந்தார்கள். கதவு பூட்டிக் கிடந்தது. மூப்பர் உள்ளே.

சுவாமியார் கதவைத் தட்டினார். “மூப்பர்! கதவைத் திறவுங்கோ!”

“திறப்பைக் காணேல்லைச் சுவாமி.”

“அது உங்கடை இடுப்பிலை எல்லே கிடக்கும்!”

“கதவுக்கு வெளியாலை நிண்டுகொண்டு என்ரை இடுப்பு எப்பிடித் தெரியும் சுவாமிக்கு?”

வெயில் ஏறியது. சுவாமியார் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். “மாஸ்ரர், நீங்கள் சைவம். நீங்கள் சொன்னால் கேப்பார்” என்றார். இந்த நியாயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நானும் பக்கத்துச் சின்னக் கதவடியில் நின்று புத்தி சொன்னேன், கெஞ்சினேன், விஞ்ஞானம் கதைத்தேன். கதவு அசையவில்லை. மத்தியானம் பிலோமினா சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தாள். எங்களை ஒதுக்கிவிட்டுக் கதவில் ஒரு தட்டுத் தட்டினாள்.

“அப்பு, சாப்பாடு.”

உள்ளேயிருந்து: “என்ன கறி?”

“நண்டு.”

திறப்பு சுழன்றது. கதவு ஒரு முழம் திறந்ததும் பிலோமினா நுழைந்தாள், அவளுக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுவாமியார். மூப்பர் எங்களை மறிக்கவில்லை. போய் ஏணியில் ஏறி, அப்பப்பாவின் முகத்துக்கு நேரே உட்கார்ந்துகொண்டார். ஏணியில் ஒரு மூக்கு, சுவரில் ஒரு மூக்கு. அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“மூப்பர், உங்களுக்கு நல்லதெண்டுதானே எல்லாரும் சந்தோசப்பட்டவை?” என்றார் சுவாமியார்.

“ஓம் சுவாமி. நானும் அப்பிடித்தான் நினைச்சன். இராத்திரி சுண்ணாம்பைக் கரைக்கேக்கைதான் யோசிச்சன். வெள்ளை அடிச்சால் ஆள் நரகத்தாலை வெளிக்கிட்டிடுவார், சரி. வெளிக்கிட்டு எங்கை போவார்?”

சுவாமியார் தூக்கிப் பிடித்திருந்த அங்கியைக் கீழே விட்டார்.

“நான் அப்பப்பாவைக் கண்டதில்லை. என்ரை ஐயாவும் கண்டதில்லை. அவர் தவழுற வயசிலை மனுசன் கடலோடை போய்ட்டார். படம் பிடிக்கிற காலமே அது? வீட்டிலை ஒண்டுமில்லை. ஐயாவுக்குத் தேப்பனைப் பாக்க வேணுமெண்டால் இஞ்சைதான் வருவார். என்னையும் தோளிலை தூக்கிக்கொண்டு வந்து உந்த முகத்தைக் காட்டித்தான் சொன்னவர், ‘பார், இதுதான் அப்பப்பா, தோத்திரம் சொல்லு’ எண்டு. நானும் நெருப்புக்குக் கை கூப்பித் தோத்திரம் சொன்னனான்.”

சால்வையால் மூக்கைத் துடைத்தார். துடைக்க நிறைய மூக்கு இருந்தது.

“சுவாமி, நான் இவ்வளவு காலமும் கதைச்சதெல்லாம் பிழை. ஒத்துக்கொள்ளுறன். உது உத்தரிப்பில்லை, நரகம்தான். அவன்களும் கங்காணிமாரில்லை, பசாசுதான். அவர் நரகத்திலையே இருக்கட்டும். வெள்ளை மட்டும் அடியாதேங்கோ.”

ஒரு வழக்கை வாழ்நாள் முழுக்க நடத்தியவர் தானாக வந்து தோற்றுக்கொடுப்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. பிலோமினா ஏணியடியில் போய் நின்றாள்.

“இறங்குங்கோ அப்பு. எனக்காக ஒருத்தரையும் அழிக்க வேண்டாம். என்ரை மூக்கு எங்கையிருந்து வந்ததெண்டு சுவரிலை இருக்கட்டும். அதைப் பாத்துப் பயப்பிடுற வீட்டுக்கு நான் போகேல்லை.”

சுவாமியார் மேற்குச் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வெகு நேரம் நின்றார். எவ்வளவோ படித்த பிள்ளை அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டார். மறுபடியும் பார்த்தார்.

“மூப்பர்,” என்றார், “ஆர் உங்களுக்குச் சொன்னது உது நரகமெண்டு?”

மூப்பர் ஏணியிலிருந்து கீழே பார்த்தார்.

“நெருப்புக்குள்ளை நிக்கிற முகம் ஒண்டாவது அழுகுதோ பாருங்கோ. எல்லாம் மேலைதான் பாக்குதுகள். மேலை போவம் எண்டு நம்பிக்கை இல்லாதவன் மேலை பாப்பானோ? உது உத்தரிக்கிற ஸ்தலம்தான்” என்றார் சுவாமியார்.

“அப்ப, கொம்பு வைச்சவன்கள்?”

சுவாமியார் ஒருகணம் தயங்கினார். “கங்காணிமார்” என்றார்.

அந்த முகங்கள் மேலே பார்த்ததற்குக் காரணம், அவற்றுக்கு நேரே எதிர்ச் சுவரில் நண்டுப் பந்தி நடந்துகொண்டிருந்ததுதான் என்பது என் சொந்த அபிப்பிராயம். அதை நான் அன்று சொல்லவில்லை. நாலு பேரும் வாங்கில் இருந்து அந்த நண்டுக்கறியைப் பகிர்ந்து சாப்பிட்டோம். கரைத்த சுண்ணாம்பை வீணாக்காமல் கோயிலின் வெளிச்சுவருக்கு அடித்தார்கள். உள்ளே ஒரு தூரிகையும் படவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சுவாமியார் மேற்குச் சுவர் உத்தரிக்கிற ஸ்தலம் என்று பகிரங்கமாக அறிவித்தார். செய்தி அரியாலைக்குப் போனது. மாப்பிள்ளைப் பையன் தாயிடம் என்ன சொன்னானோ தெரியாது. அடுத்த கிழமை தாயும் மகனும் நேரே வந்து இறங்கினார்கள். “உத்தரிப்பெண்டால் பறவாயில்லைச் சம்மந்தி. எங்கடை ஆக்களும் அங்கைதான் எங்கையாவது நிப்பினம்” என்றார் அந்த அம்மாள். கலியாணத்தன்று பெரிய மெழுகுதிரி ஒன்றைக் கொண்டுவந்து மேற்குச் சுவரின் கீழே கொளுத்தியவரும் அவர்தான். மூப்பர் அன்று மாப்பிள்ளை வீட்டார் முழுப்பேரையும் உள்ளே வைத்துப் பூட்டி, ஆதாமிலிருந்து தொடங்கினார். அன்று நரகத்தடியில்தான், மன்னிக்கவேண்டும், உத்தரிப்படியில்தான், கூட நேரம் நின்றார்.

பிறகு எனக்கு மாற்றம் கிடைத்தது. கலியாணம், பிள்ளைகள், வேறு ஊர்கள். எண்பதாம் ஆண்டுக்குக் கிட்ட ஒரு கார்த்திகையில் கொடிகாமத்துக்கு ஒரு சாவீட்டுக்குப் போனவன், கால் போன போக்கில் கடலேரிப் பக்கம் நடந்தேன். கோயில் வாசலில் பிலோமினா நின்றாள். இடுப்பில் அந்த முழங்கை நீளத் திறப்பு.

“மாஸ்ரரோ! வாருங்கோ, வாருங்கோ. மச்சம் சாப்பிடுவியள்தானே?”

மூப்பர் போய் இரண்டு வருடம், கோயில் இப்போது தன் பொறுப்பு என்றாள். நான் கேள்விப்படவில்லை. எழுதிச் சொல்ல அவர்களிடம் என் விலாசம் எங்கே இருந்தது? உள்ளே போனேன். மேற்குச் சுவரின் கீழே இரண்டு மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. பிலோமினா கேளாமலே ஏணியைக் கொண்டுவந்து சாத்தி, கீழே நின்று பிடித்துக்கொண்டாள்.

“ஏறிப் பாத்துச் சொல்லுங்கோ மாஸ்ரர். நெருப்பு எப்பிடி?”

ஏறினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் பார்த்தேன். வெயில் தன் வேலையைச் செய்திருந்தது.

“அநேகமாய் அவிஞ்சு போச்சுப் பிள்ளை” என்றேன்.

நெருப்புத்தான் மங்கியிருந்தது. முண்டி வளைந்த அந்த மூக்கும், விரிந்த காதும், மேலே பார்க்கிற கண்ணும் அப்படியே இருந்தன. இறங்க மனம் வரவில்லை. ஏணியிலேயே நின்றுகொண்டு அந்த முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். மூப்பரின் படம் என்று என்னிடமும் வேறொன்று இல்லை.